மேஷ சங்கராந்தியும் பல நாட்டுப் புத்தாண்டும்

சித்திரைத் திங்கள் முதல் நாளைத் தமிழ் மக்கள் புத்தாண்டுத் திருநாளாகக் கொண்டாடி வருவது யாவரும் அறிந்ததே. அன்று அதிகாலையில் நீராடி, புத்தாடை உடுத்தி, ஆலயம் சென்று இறைவனைத் தொழுது, அர்ச்சகர் புத்தாண்டுப் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்டு, இல்லம் திரும்பி மாங்காய்ப் பச்சடியுடனும் வேப்பம்பூவுடனும் உணவருந்துவது மரபு. அதே வாரத்தில் இலங்கையில் சிங்கள மக்களும், மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளின் மக்களும், சீனத்தின் யுன்னான் மாநிலத்து டாய் இனத்தவரும் தத்தம் புத்தாண்டைக் கொண்டாடுகின்றனர். இந்தியாவிலோ கேரளத்தார் விஷு என்றும், வங்காளத்தார் பைசாக் முதல் நாள் என்றும், அஸ்ஸாமியர் போஹாக் பிஹு என்றும், பஞ்சாபியர் வைசாகி என்றும் அதே நாட்களைப் போற்றுகின்றனர். இவ்வொற்றுமையைத் தற்செயல் என்று எண்ணுவோர் உளர். தற்செயல் அன்று. மொழியாலும் சமயத்தாலும் உணவாலும் வேறுபட்ட இத்தனை மக்களும் வானத்தில் நிகழும் ஒரே நிகழ்ச்சியை, ஒரே கணக்கைக் கொண்டு அளந்தவர்கள்.

அந்நிகழ்ச்சி, ஞாயிறு மீன ராசியை விட்டு மேஷ ராசியில் புகுதல் ஆகும். ஒரு ராசியிலிருந்து மற்றொன்றிற்கு ஞாயிறு பெயர்வதை வடமொழியில் சங்கராந்தி என்பர். இச்சொல் சென்ற நாடெல்லாம் அந்நாட்டு நாவுக்கேற்பத் திரிந்தது. தாய்லாந்தில் அது சொங்க்ரான், லாவோஸில் சங்கான், கம்போடியாவில் புத்தாண்டின் முதல் நாள் மகா சங்க்ரான், மியன்மாரில் திஞ்ஜான். நீர் இறைத்து விளையாடும் பாங்காக் இளைஞருக்கும், தைத் திங்களில் மகர சங்கராந்தியன்று பொங்கலிடும் தமிழ்ப் பெண்மணிக்கும் இச்சொல்லில் உறவு உண்டு.

மேஷத்தை ராசிகளின் தலையாகக் கொள்வது தமிழகத்திலும் பழமையான வழக்கே. சங்க நூலாகிய நெடுநல்வாடை, வானில் ஞாயிறு இயங்கும் மண்டலத்தைக் குறிக்குமிடத்து ஆட்டினை முதலாக வைத்தே பேசுகின்றது.

நகர்ந்து செல்லும் நாள்

ஏப்ரல் 14 என்னும் நாளில் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 20 அல்லது 21 அன்றே கடந்து விடுகின்றது. அவ்வாறிருக்க, புத்தாண்டு மூன்று வாரம் பிந்தி வருவானேன்? இதற்கு விடை சூரிய சித்தாந்தம் முதலிய பண்டைக் கணித நூல்களில் உள்ளது. அந்நூல் ஓர் ஆண்டிற்கு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 36 விநாடி எனக் கணக்கிட்டது. இது விண்மீன்களை எல்லையாகக் கொண்ட ஆண்டு. பருவங்களை எல்லையாகக் கொண்ட ஆண்டோ 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி அளவினது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24 நிமிட வேறுபாடு. 60 ஆண்டுகளில் அது ஒரு நாளாகத் திரண்டு விடும்.

கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில், அதாவது ஆரியபட்டர் வாழ்ந்த காலத்தை ஒட்டி, மேஷ சங்கராந்தியும் பகலிரவு சமமாகும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பின்னர் இரண்டும் மெல்ல மெல்லப் பிரிந்தன. இவ்வுண்மையைக் கேரளத்தாரின் விஷு என்னும் பெயர் இன்றளவும் காத்து வைத்திருக்கின்றது. விஷு என்ற சொல்லுக்குச் சமம் என்பது பொருள். யாழ்ப்பாணத் தமிழர் புத்தாண்டு பிறக்கும் வேளையை விஷு புண்ணிய காலம் என வழங்குவதும் அதனாலேயே. நாள் நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை.

இந்நகர்வுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. கண்டி மன்னரின் பிடியில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தப்பிச் சென்று 1681 இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிங்களரின் ஆண்டு மார்ச் 28 அன்றும், சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்போ பின்போ தொடங்கும் என்று அதில் எழுதியுள்ளார். அக்காலத்தில் ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கையாண்டனர். அதனை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் ஏப்ரல் 7 ஆகின்றது. அன்று ஏப்ரல் 7; இன்று ஏப்ரல் 13 அல்லது 14. முந்நூற்று நாற்பது ஆண்டுகளில் ஆறு நாள் நகர்வு. கணக்கு எவ்வளவு நுட்பமாகப் பொருந்துகின்றது என்பதைக் கண்டு வியவாதிருக்க இயலாது.

கடல் கடந்த கணக்கு

கடல் கடந்து சென்றது அரசரின் படையன்று, ஆண்டுக் கணக்கு. சுமத்திராவில் பாலெம்பாங் நகரருகே கண்டெடுக்கப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. பழைய மலாய் மொழியில் எழுதப்பட்டது. அதில் ஆண்டு சக ஆண்டாகவும், மாதம் வைசாகமாகவும், நாள் வளர்பிறைத் திதியாகவும் குறிக்கப்பட்டுள்ளன. மலாய் மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று பஞ்சாங்க முறையில் நாள் குறித்துத் தொடங்குவது மலேசிய வாசகர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. சாவகத்தில் மாத்தாராம் மன்னர் சுல்தான் அகோங் 1633 இல் இசுலாமியச் சந்திர மாதங்களைப் பின்பற்ற ஆணையிட்டபோதும், சக ஆண்டின் எண்ணை மாற்றவில்லை. 1555 என்று எண்ணிய இடத்திலிருந்தே தொடர்ந்து எண்ணினர்.

பெருநிலப் பகுதியில் வேறோர் ஆண்டுக் கணக்கும் எழுந்தது. பர்மிய நாட்டில் கி.பி. 638 ஆம் ஆண்டு மார்ச் 22 ஐத் தொடக்கமாகக் கொண்டு ஓர் ஆண்டு முறை வகுக்கப்பட்டு, பின்னர் சயாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலும் பரவியது. அவர்கள் இதனைச் சுலசகராஜம், அதாவது சிறிய சகம் என்பர். இந்தியாவின் சக ஆண்டு அவர்களுக்கு மகா சகராஜம். தொடக்க நாள் மார்ச் 22 ஆக அமைந்ததைக் காண்க. அன்று சங்கராந்தி மார்ச்சிலேயே நிகழ்ந்தது.

தமிழருக்குப் புத்தாண்டு ஒரு நாள். தாய்லாந்தினருக்கோ மூன்று நாள். முதல் நாள் மகா சொங்க்ரான். மூன்றாம் நாள் புதிய சகம் எழும் நாள். இடைப்பட்ட நாளுக்கு நாவ் என்று பெயர். லாவோஸிலும் இவ்வாறே. இடைநாள் பழைய ஆண்டிற்கும் உரியதன்று, புதிய ஆண்டிற்கும் உரியதன்று. இதற்குக் காரணம் வானியலே. ஞாயிற்றின் உண்மை இயக்கத்தின்படி அது மேஷத்தில் புகும் நேரம் ஒன்று. சராசரி இயக்கத்தின்படி புகும் நேரம் மற்றொன்று. இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ இரண்டு நாளும் நான்கு மணியும். இந்தியக் கணிதர் இவ்விடைவெளியை நூலளவில் அறிந்திருந்தும், உண்மைப் புகுதலோடு விழாவை முடித்துக்கொண்டனர். பர்மியரும் தாய்லாந்தினரும் அவ்விடைவெளி முழுவதையும் விழாவாக்கினர்.

சிங்கள மக்களிடமும் இத்தகைய ஓர் இடைவேளை உண்டு. அதனை நோநகத என்பர். ஞாயிற்றின் வட்டம் மேஷத்தின் எல்லையைத் தொட்டது முதல் முற்றாகக் கடக்கும் வரை 12 மணி 48 நிமிடம் ஆகும். நாழிகைக் கணக்கில் 32. அவ்வேளையில் அடுப்பு மூட்டமாட்டார்கள், தொழில் செய்யமாட்டார்கள், விகாரைக்குச் செல்வதும் விளையாடுவதுமே வேலை. அது கழிந்து குறித்த சுபவேளையில் நாடெங்கும் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பார்கள். ஒரு நாட்டின் வீடுகள் அனைத்திலும் ஒரே நிமிடத்தில் பால் பொங்கும் காட்சியை வேறு எந்நாட்டில் காண இயலும்? வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து நேரம் குறிக்கும் ஆலய நிருவாகத்தினருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

பிரமனின் தலையும் ஏழு பெண்களும்

கணக்கோடு ஒரு கதையும் பயணம் செய்தது. தாய்லாந்தில் வழங்கும் கதையில் கபில மகாபிரமன், அறிவிற் சிறந்த தம்மபாலன் என்னும் இளைஞனிடம் ஒரு விடுகதை தொடுக்கின்றான். மனிதரின் பொலிவு காலையில் எங்கே, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே தங்குகின்றது? தோற்றவர் தலையை இழக்க வேண்டும் என்பது பந்தயம். விடை தெரியாது மரத்தடியில் படுத்திருந்த இளைஞன், மேலே கழுகுகள் பேசிக்கொள்வதைக் கேட்டு அறிந்துகொள்கின்றான். காலையில் முகத்தில், ஆகவே மக்கள் முகம் கழுவுகின்றனர். நண்பகலில் மார்பில், ஆகவே நறுமணம் பூசுகின்றனர். மாலையில் பாதத்தில், ஆகவே உறங்குமுன் கால் கழுவுகின்றனர். பிரமன் தோற்றான். ஆனால் அவன் தலை நிலத்தில் விழுந்தால் உலகம் எரியும்; கடலில் விழுந்தால் கடல் வற்றும்; வானில் எறிந்தால் மழை அற்றுப்போகும். எனவே அவனுடைய ஏழு புதல்வியர் அத்தலையைத் தட்டில் ஏந்திக் கயிலை மலைக் குகையில் வைத்தனர். ஆண்டிற்கொருவராக அதனை வெளியே எடுத்து வலம் வருகின்றனர். சங்கராந்தி எந்தக் கிழமையில் வருகின்றதோ அக்கிழமைக்குரிய மகளே அவ்வாண்டின் தேவி. கம்போடியாவிலும் இக்கதையே வழங்குகின்றது.

மியன்மாரில் கதை சற்று மாறுகின்றது. அங்கே பந்தயம் ஆர்சி என்னும் பிரமனுக்கும் தஜ்யாமின் என்னும் தேவர்கோனுக்கும் இடையே நிகழ்கின்றது. தஜ்யாமின் என்பவன் இந்திரனே. தோற்ற பிரமனின் தலையைக் கொய்த இந்திரன், அவ்வுடலில் யானைத் தலையைப் பொருத்துகின்றான். அவரே விநாயகர்! பர்மியர் அவரை மகா பெய்ன்னே என்பர். நம் புராணங்களில் தேர்ந்தோர் இதனைக் கேட்டுப் புருவம் உயர்த்தலாம். ஆயினும், புத்தாண்டுப் பிறப்போடு ஆனைமுகனின் பிறப்பையும் சேர்த்துச் சொல்லும் பௌத்த நாடு ஒன்று அண்டையில் உள்ளது என்பது விநாயகரை வணங்கித் தொடங்கும் அன்பர்களுக்கு உவகை தரும் செய்தியன்றோ! அந்த இந்திரன் திஞ்ஜான் நாட்களில் மண்ணுலகுக்கு இறங்கி வந்து, நல்லோர் பெயரைப் பொன்னேட்டிலும் தீயோர் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் பதிந்து செல்வான் என்று சொல்லிப் பர்மியப் பெற்றோர் பிள்ளைகளை அச்சுறுத்துவர்.

தண்ணீரும் அரிசியும்

சித்திரை கடும் வெயில் காலம். வயலில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து மழையை நோக்கிக் கிடக்கும் பருவம். இந்நாடுகளின் புத்தாண்டில் தண்ணீர் நடுநாயகமாக விளங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. செய்தித் தாட்களில் வெளிவரும் படங்களைக் காண்போர், சொங்க்ரான் என்றால் தெருவில் நீர்த்துப்பாக்கி ஏந்தி ஆடும் களியாட்டம் என்றே கருதுவர். அது புறத்தோற்றமே. மக்கள் முதலில் புத்தர் திருவுருவத்திற்கு நறுமண நீராட்டுகின்றனர். பின்னர் இளையோர் மூத்தோரின் கைகளில் மல்லிகை மணக்கும் நீரை வார்த்து மன்னிப்பும் வாழ்த்தும் வேண்டுகின்றனர். லாவோஸில் லுவாங் பிரபாங் நகரின் பிரபாங் திருவுருவம் ஊர்வலமாக எழுந்தருளி நீராட்டுப் பெறுகின்றது. பெரியோர் இளையோரின் மணிக்கட்டில் வெண்ணிற நூல் கட்டி வாழ்த்துகின்றனர். மியன்மாரில் இளையோர் முதியோரின் தலையைத் தேய்த்து நீராட்டுவர். அதற்குப் பயன்படும் பொருள்களுள் ஒன்று கின்புன் காய். அது வேறொன்றுமன்று, சீயக்காய்தான். யாழ்ப்பாணத்தில் மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைப் பெரியோர் தலையில் தேய்த்துவிட, பஞ்சாங்கம் குறித்த இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து நீராடும் வழக்கத்தை அறிந்தோருக்கு இவை எதுவும் அந்நியமாகத் தோன்றா.

கோவிலுக்கு வந்து செல்லும்போது கால்களில் ஒட்டிய மண், ஓராண்டில் கோவிலின் உடைமையைக் குறைத்துவிடுமாம். அதனை ஈடு செய்யத் தாய்லாந்தினர் புத்தாண்டில் மணல் சுமந்து வந்து கோவில் வளாகத்தில் சிறு கோபுரங்களாகக் குவிக்கின்றனர். கணக்கிற்கு அஞ்சும் பக்தி! ஆலயப் பொருளாளர்கள் பெரிதும் விரும்பக்கூடிய வழக்கம் இது.

உணவில் அரிசியே எங்கும் ஆட்சி செலுத்துகின்றது, வடிவந்தான் வேறு. சிங்களர் தேங்காய்ப்பாலில் வெந்த கிரிபத்தை உண்பர். பர்மியர் பனைவெல்லத்தை உள்ளே வைத்து ஒட்டரிசி மாவை உருட்டிக் கொதிநீரில் இடுவர். வெந்ததும் அவை மிதந்து வரும். பார்வைக்குத் தமிழரின் கொழுக்கட்டையின் தம்பி எனலாம். விளையாட்டாக ஓர் உருண்டையில் வெல்லத்திற்குப் பதிலாகக் காந்தாரி மிளகாயை வைத்துவிடுவதும் உண்டு. தாய்லாந்தில் கலமே என்னும் இனிப்பு கிளறுவர். அது மலேசியர் அறிந்த டோடோல் போன்றதே. கம்போடியர் மூங்கிற் குழாயில் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்துச் சுடும் குரோலான், லெமாங்கின் நெருங்கிய உறவு. மல்லிகை மணமூட்டிய குளிர்ந்த நீரில் சோற்றை இட்டு உண்ணும் காவ் சே, மோன் இன மக்களிடமிருந்து தாய்லாந்து அரண்மனை வரை சென்ற கோடைக்கால உணவு. வங்காளத்தார் புத்தாண்டன்று நீர் ஊற்றி வைத்த பாந்தா சோற்றை உண்கின்றனர். பழைய சோற்றை வறியோர் உணவென்று நாணுவோர், அண்டை நாடுகளில் அதன் உறவினருக்குள்ள மதிப்பை அறிதல் நலம்.

எல்லாம் பழமையே என்று கொள்வதற்கும் இல்லை. சிங்களப் புத்தாண்டு விருந்தில் தவறாது இடம்பெறும் கொக்கிஸ், டச்சுச் சொல்லால் பெயர் பெற்ற பலகாரம். பூ வடிவ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் அதனை மலேசியத் தமிழ் வீடுகள் தீபாவளிக்கு அச்சுமுறுக்கு என்று செய்கின்றன. மலாய் அன்பர்கள் கூய் ரோஸ் என்று செய்கின்றனர். ஆட்சி செய்த டச்சுக்காரர் அகன்றனர். பலகாரம் புத்தாண்டுத் தட்டில் நிலைத்துவிட்டது.

ஆணையும் அடுப்பங்கரையும்

புத்தாண்டு நாளை மாற்ற அரசுகள் பலமுறை முயன்றுள்ளன. சயாமில் ஐந்தாம் இராமா மன்னர் 1889 இல் ஆண்டுத் தொடக்கத்தை ஏப்ரல் முதல் நாளுக்கு நிலைப்படுத்தினார். பின்னர் பிபுன் சொங்கிராம் அரசு சனவரி முதல் நாளே புத்தாண்டென்று 1941 முதல் நடைமுறைப்படுத்தியது. இதன் விளைவாகத் தாய்லாந்தில் 1940 ஆம் ஆண்டு ஒன்பது மாதங்களோடு முடிவுற்றது. அலுவலகங்கள் மாறின, பத்திரங்கள் மாறின, சொங்க்ரான் மாறவில்லை. இன்றும் ஏப்ரல் 13 முதல் 15 வரை தலைநகரே வெறிச்சோடும் அளவிற்கு மக்கள் பெற்றோரை நாடிச் சொந்த ஊர் செல்கின்றனர். 2023 இல் யுனெஸ்கோ சொங்க்ரானையும், 2024 இல் திஞ்ஜானையும் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் அறிஞர் மேகநாத சாகா தலைமையில் 1952 இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சங்கராந்தி பருவத்தை விட்டு விலகிச் செல்வதைச் சுட்டிக்காட்டி, மார்ச் 22 ஐத் தொடக்கமாகக் கொண்ட தேசிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. வானியல் நோக்கில் சாகாவின் வாதம் மறுத்தற்கரியது. ஆயினும் அரசிதழில் அச்சான அந்நாட்காட்டியைப் பார்த்து எந்த வீட்டிலும் விளக்கேற்றியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2008 இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றப்பட்டது. 2011 இல் அது நீக்கப்பட்டது. இரு தரப்பிலும் கற்றறிந்தோர் வாதிட்டனர், இன்றும் வாதிடுகின்றனர். அவ்விடைக்காலத்திலும் சித்திரை முதல் நாளில் மக்கள் கோவிலுக்குச் சென்றவண்ணமே இருந்தனர். தைப் பொங்கலும் தன் சிறப்பில் குறையவில்லை.

இவையெல்லாம் எழுத்தில் நிகழ்ந்த மாற்றங்கள். குருதியில் நிகழ்ந்ததும் ஒன்று உண்டு. 1975 ஏப்ரல் 17 அன்று, புத்தாண்டு நாட்களின் சுவடு மறையுமுன்னரே, கெமர் ரூஜ் படையினர் புனோம் பென் நகருள் நுழைந்து மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். விகாரைகள் மூடப்பட்டன, துறவியர் காவியாடை களைய நேர்ந்தது, குடும்பமாக அமர்ந்து உண்பதுகூடத் தடுக்கப்பட்டுப் பொது உணவுக்கூடங்கள் வந்தன. நீர் வார்த்துக்கொள்ள வேண்டிய மூத்தோர் கைகள் எத்தனையோ வயல்வெளிகளில் புதைந்தன. 1979 சனவரியில் அவ்வாட்சி வீழ்ந்தது. விதிகளைக் கூறும் ஏடுகளும் அவற்றை அறிந்த பெரியோரும் பெரும்பாலும் அழிந்துபோன நாட்டில், புத்தாண்டு மீண்டும் எழுந்தது. உயிர் பிழைத்த பாட்டிமார் நினைவில் வைத்திருந்த சமையலும், தாயக்கட்டைக்கு நிகரான சிறு விளையாட்டுகளும், மணற்கோபுரமும் கொண்டு அது எழுந்தது.

மலேசியத் திருநாட்டில் இவ்விழாக்கள் பலவற்றையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு உண்டு. கிளந்தான், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வாழும் சயாமிய மக்கள் சொங்க்ரானையும், சீக்கியப் பெருமக்கள் குருத்துவாராக்களில் வைசாகியையும், மலையாளிகள் கொன்றை மலரும் வெள்ளரியும் கண்ணாடியும் வைத்து விஷுக்கணியையும் போற்றி வருகின்றனர். பினாங்கு, புலாவ் திக்குஸ் பகுதியில் 1803 இல் எழுந்த பர்மிய விகாரையும், 1845 இல் எழுந்த சயாமிய விகாரையும் ஒரே சாலையில் எதிரெதிரே நிற்கின்றன. ஏப்ரல் நடுப்பகுதியில் இரு வாயில்களிலும் நீர்க்குடங்கள் நிரம்பியிருக்கும். ஒருபுறம் திஞ்ஜான் என்பர். மறுபுறம் சொங்க்ரான் என்பர். சாலையைக் கடந்து செல்பவர் எவராயினும் நனைவார்.